இரண்டு கப் மாவு

கப் என்பது எடை இல்லை, இடம். தண்ணீரை எப்படி ஊற்றினாலும் ஒரு கப்பின் எடை மாறாது. சீனியும் ஏறக்குறைய அப்படித்தான். மணிகள் ஒன்றன்மேல் ஒன்று நின்றுகொள்ளும், அமுக்கினாலும் பெரிதாக அடங்காது. மைதா வேறு ஜாதி. அதற்குள் ஏகப்பட்ட காற்று. கரண்டியால் தூவி நிரப்பினால் ஒரு கப் நூற்று இருபத்தைந்து கிராம். பைக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் நூற்று எழுபதைத் தாண்டிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே கப்தான்.

இதெல்லாம் அன்று காலை எனக்குத் தெரியாது. அக்கா வீட்டுச் சமையலறையில் அவளோடு சேர்ந்து ஆர்டருக்குக் கேக் செய்துவந்தேன். அங்கே எல்லாமே மின் தராசில்தான். கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கொட்டிக்கொண்டே போக வேண்டியது. தராசு யோசிக்கும், நான் கொட்டுவேன்.

பேருந்து நிலையத்தின் எதிரே இருக்கும் காபிக் கடையில் கேக் போட ஆள் தேடினார்கள். சொந்தக் காலில் நிற்க எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. கடைக்கார அம்மாவின் எதிரில் ஒரு கேக் செய்து காட்ட வேண்டும். அவர் அடுப்படியில் தராசு கிடையாது, கப் மட்டும்தான்.

கிளம்பும்போது அக்காவிடம் கேட்டேன். "இருநூத்தைம்பது கிராம் மைதா எத்தன கப்க்கா?"

"ரெண்டு."

"அமுக்கி அள்ளணுமா, லேசாவா?"

"நல்லா அமுக்குடி. தூவினா காத்துதான் ரொம்பும், மாவு குறைஞ்சிடும்."

காரணத்தோடு சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். அது அவளுக்குத் தெரியும்.

கடையில் கலவை கெட்டியாக வந்தது. வெண்ணெய் சரியாக இளகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். வெந்த கேக்கின் நடுவில் பிளவு. கடைக்கார அம்மா ஒரு துண்டைக் கடித்தார். மெல்ல வெகு நேரம் ஆனது.

"கீழ போட்டா தரைதான் உடையும் போலருக்கு. கோவிச்சுக்காதம்மா. சொல்லிக் குடுத்து வேலை வாங்க எனக்கு நேரமில்ல." வெளியே நின்ற இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கப் மாவை அமுக்கி அள்ளித் தராசில் கொட்டினேன். அடுத்ததைத் தூவி நிரப்பினேன். தராசு கப்புக்கு நாற்பத்தைந்து கிராம் வித்தியாசம் காட்டியது. கடையில் தொண்ணூறு கிராம் அதிகமாகப் போட்டிருக்கிறேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அய்யோ, அப்படியா! எனக்கு மட்டும் கப்புக் கணக்கு என்னடி தெரியும்?"

மாமா டீயோடு உட்கார்ந்திருந்தார். சூதுவாது தெரியாத மனுஷன். "ஏன், போன வாரம் என் தங்கச்சிக்கு போன்ல கிளாஸே எடுத்தியே? மாவ அமுக்கிடாத, கரண்டியால தூவுன்னு. கூட ரெண்டு திட்டு வேற!"

அக்கா அவரை முறைத்தாள். அந்த முறைப்பே போதுமாக இருந்தது. என்ன தப்பு என்று புரியாமல் மாமா டம்ளரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

"தெரிஞ்சேதான் சொன்னியாக்கா?"

அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"நீ போயிட்டா நான் ஒத்தையா எப்படிடி சமாளிப்பேன்?"

"போகாதன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

ஒருவேளை கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்போம், நான் அழுதிருப்பேன். ஆனால் அந்தக் கேக் என் கேக்காக இருந்திருக்கும்.

அவள் தட்டை எடுத்துச் சாப்பாடு போட்டு என் முன்னால் வைத்தாள். எவ்வளவு என்று கேட்கவில்லை. சோறு எனக்கு வேண்டிய அளவு, குழம்பு ஓரமாக, எனக்குப் பிடித்த மாதிரியே. என்னை இத்தனை சரியாகத் தெரிந்தவள்.

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

"நாளைக்கு ஆர்டர் இருக்குடி," என்றாள்.

"தராசு இருக்குல்ல," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.