சின்னப்பொண்ணுவின் இலைக்கரைசல்

புதுவாயலுக்குக் கிழக்கே கத்தரி பயிரிட்டிருந்த அருணாச்சலத்துக்குத் திருவள்ளூர் விவசாயிகள் கூட்டத்தில் சால்வை போர்த்தினார்கள். நொச்சி, வேம்பு, ஆடாதொடை, எருக்கு இலைகளை இடித்து, கோமியத்தில் ஊறவைத்துத் தெளித்தே காய்ப்புழுவை விரட்டியிருந்தார்.

"யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று அதிகாரி கேட்டார்.

"நம்ம அனுபவம்தான் சார்."

கைதட்டினார்கள்.

உண்மையில் அது, அவர் நிலத்தில் களையெடுக்க வரும் சின்னப்பொண்ணுவின் மருந்து. இலை பறித்ததும் இடித்ததும் தெளித்ததும் அவள்தான். அவர் வரப்பில் நின்று பார்த்ததோடு சரி. அதனால், "எவ்ளோ தண்ணி கலக்கணும்?" என்று ஒருவர் கேட்டபோது திகைத்துப்போய், "அப்படியே அடிக்கலாம்" என்று சொல்லிவைத்தார். நாற்பது பேர் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து விவசாயப் பத்திரிகை ஒன்றில் அவர் படத்தோடு அந்தக் கூட்டத்துச் செய்தி வந்தது. அதை யாரோ வாசித்துக் காட்ட, சின்னப்பொண்ணு நேரே வயலுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நைனா, மெய்யாலுமே தண்ணி கலக்காம அடிக்கச் சொன்னீங்களா? ஒண்ணுக்குப் பத்து தண்ணி ஊத்தலன்னா எல கருகிப்பூடுமே! யார்னா அடிச்சிருந்தா இன்னா பண்றது?"

தன் பெயரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பத்திரிகைக்குச் சரியான அளவைச் சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு வந்தவர்களின் பட்டியலை அதிகாரியிடம் வாங்கி ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். பொதட்டூர்பேட்டை சடையப்பன் மட்டும் இரண்டு நாள் முன்பே தெளித்துவிட்டிருந்தார். மறுநாள் அவரும் சின்னப்பொண்ணுவும் அங்கே பஸ் ஏறிப் போனார்கள்.

செடிகள் தீயில் வாட்டியதுபோல் நின்றன. சின்னப்பொண்ணு குனிந்து ஒவ்வொரு குருத்தாகத் தடவிப் பார்த்தாள். "இதெல்லாம் உசுரோட கீது. கருகின எலயக் கிள்ளிட்டுத் தண்ணி உடுங்க, தழைஞ்சிடும். அந்த ரெண்டு பாத்திதான் தேறாது."

"இந்தம்மா யாரு?" என்று சடையப்பன் கேட்டார்.

'நம்ம கூலியாள்' என்ற சொல் அருணாச்சலத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"மருந்து இவங்களுதுதான். நான்தான் என்னுதுன்னு சொல்லிக்கினேன். அளவுகூடத் தெரியாம சொல்லிட்டேன்."

சடையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பி, கேட்க வேண்டியதையெல்லாம் சின்னப்பொண்ணுவிடமே கேட்டு எழுதிக்கொண்டார்.

அருணாச்சலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேறாத இரண்டு பாத்திச் செடிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். சின்னப்பொண்ணு வந்து, "உடுங்க நைனா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் நிமிரவில்லை.