அணைத்த விளக்கு

நான்கு வருடம் தோளுக்கு மேல் விளக்கைத் தூக்கிப் பிடித்தவளுக்கு, அன்று காலைதான் கேமரா கைக்கு வந்தது. வழக்கமாகக் கல்யாண வீடியோ எடுப்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு வழியில்லாத ஸ்டூடியோக்காரர், "பொண்ணு ரூமை மட்டும் நீ பாத்துக்கம்மா. நல்லா வந்தா இனிமே கேமரா உன்கிட்டதான்" என்று சொல்லியிருந்தார்.

மணப்பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்மல் போட்டுக்கொண்டிருந்தாள். அழுக்குக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது. போன வாரம் பார்த்த சினிமா கேமரா பிடித்தவளுக்கு ஞாபகம் வந்தது. மூன்று தடவை பார்த்தும், கதை என்னடி என்று அம்மா கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. "ஒரு பொண்ணு ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பாம்மா. பாதி மொகம்தான் தெரியும். ஆனா மனசு பூராத் தெரியும்" என்றாள். இதற்கா மூன்று டிக்கெட் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

விளக்குப் பிடித்தே கை மரத்தவளுக்கு, விளக்கு எங்கே வேண்டாம் என்பதும் தெரியும். கேமரா மேலிருந்த விளக்கை அணைத்தாள். மணப்பெண் திருகாணியைத் தடவித் தேடினாள், நிமிர்ந்தாள், வெளியே பார்த்தாள். அவ்வளவுதான். எடுத்ததை அங்கேயே இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள்.

ஸ்டூடியோக்காரர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இது கல்யாண வீடா, எழவு வீடா? போட்ட நகை ஒண்ணாவது தெரியுதா?"

அந்தச் சினிமாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவர் காதில் வாங்கவில்லை. பெண்ணின் அப்பா வேறு வந்து கத்திவிட்டுப் போனார். மறுநாளே கேமரா ஸ்டூடியோக்காரரின் மச்சினனிடம் போய்விட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கின் வயரைச் சுற்றினாள். ஆத்திரம் அடங்க ஒரு வாரம் ஆனது.

இரண்டு மாதம் கழித்து, அந்த மணப்பெண் அந்த அரை நிமிடத்தை மட்டும் வெட்டித் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அது கை மாறி எங்கெங்கோ போனது. ஸ்டூடியோவுக்கு ஃபோன் மேல் ஃபோன். அந்த ஜன்னல் மாதிரியே எங்கள் பெண்ணுக்கும் வேண்டும் என்றார்கள். அதுதான் எங்கள் பாணி என்று ஸ்டூடியோக்காரர் கூச்சமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல் சொல்லியேவிட்டாள்.

"அண்ணே, அது நான் எடுத்தது."

"யாரு இல்லேன்னா? கேமரா யாருது?"

அடுத்த கல்யாணத்தில் மணப்பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். மச்சினன் விளக்கை அணைக்கச் சொன்னான். அணைத்தாள். கீழே வைக்க இடமில்லை. தோளிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். மணப்பெண் கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். வெளியே பார்க்கச் சொல்ல வேண்டும் என்று இவள் ஓரடி முன்னால் வைத்தாள்.

"அக்கா, உங்க நிழல் விழுது. தள்ளி நில்லுங்க" என்றான் மச்சினன்.

அணைந்த விளக்கோடு அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.