சொல்தா வீட்டுக் கம்ப்யூட்டர்

சந்திராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கூடையோடு காரைக்கால் டவுனுக்குள் நுழைந்தாளென்றால், அவள் வந்து சேர்வதற்கு இரண்டு தெரு முன்னாலேயே குரல் வந்துவிடும். மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்கிறவர்களைச் சும்மா விடமாட்டாள். "மீனு வேணுமா, சண்ட வேணுமா? ரெண்டும் இருக்கு, எது புடிக்குதோ எடுத்துக்குங்க" என்பாள். அப்படிப்பட்டவள் குரலைத் தாழ்த்திப் பேசுகிற ஒரே வீடு சொல்தா வீடுதான்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவரை இந்தப் பக்கம் சொல்தா என்பார்கள். அந்த வீட்டுச் சொல்தா ழெரோம் போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். தெருவே அவரை முசியே என்று கூப்பிடும். அவர் மனைவி ஒர்த்தான்ஸ், எல்லாருக்கும் மதாம். இப்போது அவ்வளவு பெரிய வீட்டில் அவர் ஒருத்திதான். ஒரே மகள் கரொலின் பிரான்சில் இருந்தாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. பால்வாடி கிடையாது என்பதால் மகள் அல்லியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள் சந்திரா. வழக்கமாக வாசலில் நின்று ரெண்டு வார்த்தை பேசுகிற மதாம் அன்றைக்கு அவசரப்பட்டார்.

"சங்கரா இருந்தா போட்டுட்டுக் கெளம்பு சந்திரா. பதினோரு மணிக்கு கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வர்றாரு."

"அதுக்கு என்னங்க வந்துச்சு?"

"தொறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்பு, தப்புன்னே சொல்லுது. ஆறு மாசமா அடிச்சுப் பாத்துட்டேன். உள்ளாற இருக்கறத எல்லாம் அழிச்சுட்டுப் புதுசா போட்டாத்தான் வேல செய்யுமாம்." மதாம் கொஞ்சம் தயங்கினார். "அழியட்டும்னு விட்டுட்டேன். கரொலின்கிட்ட மூஞ்சியப் பாத்துப் பேசவாவது ஆகும்ல. ஆனா அவரு எடுத்த போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. ஒங்க படகு எறக்குன அன்னிக்கு எடுத்ததுகூட."

சந்திராவின் கையிலிருந்த மீன் நழுவிக் கூடைக்குள் விழுந்தது.

"எங்க படகா? எப்பங்க எடுத்தாரு?"

அது 2004 ஆவணியில் நடந்தது. கடன் வாங்காமல், நகையை விற்று, சந்திராவின் புருஷன் காத்தமுத்து சொந்தமாக ஒரு பைபர் படகு வாங்கியிருந்தான். மீன் வாங்குகிற வீடாயிற்றே என்று முசியேவையும் கரைக்குக் கூப்பிட்டிருந்தான். படகு இறக்கும்போது வீட்டுப் பெண்கள் கரைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். சந்திரா வீட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். கரையில் யார் என்ன படம் பிடித்தார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நாலு மாதம் கழித்து அலை வந்தது. படகு போனது, வீடு போனது, கல்யாண ஆல்பத்திலிருந்து ரேஷன் கார்டு வரைக்கும் ஒன்று மிச்சமில்லை. காத்தமுத்துவைக் கடல் திருப்பித் தரவே இல்லை. அல்லி அப்போது வயிற்றில் இருந்தாள்.

"ஏங்க, நாலு வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே!" சந்திராவின் பழைய குரல் வந்துவிட்டது. "நான் தெனம் இந்த வாசப்படிலதான நிக்கிறேன்!"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவருதான் வேணாம்னாரு. ஆறிக்கிட்டு வர்ற புண்ணக் கிளறக் கூடாது, அவளா கேட்டா குடுப்போம்னாரு. நீயும் கேக்கல."

இருக்கிறதே தெரியாதவள் எதைக் கேட்பாள்? ஆனால் அந்தச் சண்டையைப் போட அவளுக்கு அப்போது தெம்பில்லை. யாரிடமும் சொல்லாமல் அவள் உள்ளே வைத்துக்கொண்டிருந்த ஒரு பயம் இருந்தது. காத்தமுத்துவின் முகம் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது. கண்ணை மூடினால் குரல் வரும், பீடி வாசனை வரும், ஈரக் கைலியோடு அவன் நடந்து வருகிற சத்தம் வரும். முகம் மட்டும் வராது. மூக்கு எப்படி, புருவம் எப்படி என்று துண்டு துண்டாக நினைத்துப் பார்ப்பாள். ஒன்றும் சேராது. கட்டின புருஷன் முகத்தை மறப்பாளா ஒருத்தி என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

"மதாம், அந்தப் பெட்டிய யாரும் தொடக் கூடாது. அந்த ஆளு வந்தா ஒக்கார வைங்க. நான் பாரதியக் கூட்டியாறேன்" என்றவள், கூடையையும் பிள்ளையையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

பாரதி அவள் தெருப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் தருமபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். மீன் வாடையோடு மூச்சிரைக்க வந்து நின்ற சந்திராவைப் பார்த்ததும், என்ன ஏது என்று கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். போகிற வழியில்தான் விஷயத்தைக் கேட்டாள்.

"உள்ள போக முடியலன்னு எல்லாத்தையும் அழிக்கிறதா? மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதையால்ல இருக்கு" என்றாள்.

"அதான்டி நானும் சொல்றேன். வீட்டக் கொளுத்த ஆளு வந்துட்டிருப்பான், சீக்கிரம் போகச் சொல்லு."

ரிப்பேர்காரர் வந்தேவிட்டார். எல்லாவற்றையும் அழிக்கிற சிடி கம்ப்யூட்டருக்குள் போயிருந்தது. அல்லி அவர் பக்கத்தில் நின்று, "எங்கம்மா தொடக் கூடாதுன்னிச்சு" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பத்து நிமிஷம் குடுங்கண்ணே" என்று பாரதி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பாஸ்வேர்டு என்னங்க மதாம்?"

மதாம் ரிப்பேர்காரரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அப்புறம் பாரதியின் காதோரம் குனிந்து சொன்னார். அவர் முகம் சிவந்துவிட்டது. பாரதி சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்தாள்.

"என்னடி?" என்றாள் சந்திரா. அவளுக்குத் தெரியாமல் ஒரு ரகசியம் அந்த அறைக்குள் இருக்க முடியுமா?

"'அம்மாளு'வாம்க்கா."

"அட! முசியே வீட்டுக்குள்ள அப்புடித்தான் கூப்புடுவாரா! வெளில பாத்தா வெறப்பா அட்டென்ஷன்ல நிப்பாரு!"

மதாமும் சிரித்துவிட்டார். ஆனால் பாரதி அந்த ஆறு எழுத்தை இங்கிலீஷில் அடித்ததும் திரையில் ஆறு புள்ளி விழுந்தது, வழக்கம்போலத் தப்பு என்று வந்தது. மதாமின் சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று.

"பாத்தியா? அவரு மாத்திட்டாரு" என்றார். "நாப்பது வருஷம் குடும்பம் நடத்துன மனுஷன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம மாத்தி வெச்சுட்டுப் போயிட்டாரு. அப்புடி எங்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருந்துச்சோ."

ஆறு மாதமாக அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து அவர் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று சந்திராவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அதான் பார்மட் போட்டுரலாங்கிறேன்" என்று ரிப்பேர்காரர் எழுந்தார்.

"இருங்கண்ணே." பாரதி கீபோர்டில் மூன்று கட்டைகளைச் சேர்த்து இரண்டு தடவை அழுத்தினாள். படம் போட்ட திரை போய், பழைய மாதிரிச் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. அதில் பெயரையும் நாமே அடிக்க வேண்டும். பாஸ்வேர்டு அடித்தால் புள்ளிதான் தெரியும், பெயர் அடித்தால் எழுத்தே தெரியும். வேறொரு பெயரில் நுழைந்து பார்க்கலாம் என்று அந்தப் பெயரின் முதல் எழுத்தான 'ஏ'யை அழுத்தினாள். திரையில் 'க்யூ' வந்தது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும் 'க்யூ'. 'எம்'மை அழுத்தினாள். காற்புள்ளி வந்தது.

பாரதி கையை எடுத்துவிட்டாள். "மதாம், இந்தக் கீபோர்டு எப்ப வாங்குனது?"

"அவரு போனப்பறந்தான். பழசு உப்புக் காத்துல கட்ட கட்டயா ஒட்டிக்கிச்சு. அப்புடியே கெடந்துச்சு. கரொலின்கூடப் பேசலாம்னு இங்க கடத்தெருவுலதான் ஒண்ணு புதுசா வாங்கியாரச் சொன்னேன்."

"பழசு எங்க? பிரான்சுலேர்ந்து வந்ததா?"

"ஆமா, கரொலின் அனுப்புன கம்ப்யூட்டர்ல கூடவே வந்துச்சு. பரண்ல போட்டு வெச்சிருக்கேன்."

ரிப்பேர்காரரே ஏறி எடுத்துக் கொடுத்தார். பாரதி தூசியைத் தட்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அங்கே எழுத்து ஒரு வரிசை, இங்கே எழுத்து வேறு வரிசை. இதில் 'ஏ' இருக்கிற இடத்தில் அதில் 'க்யூ' இருந்தது. கட்டையை மாற்றினார்களே தவிர, கம்ப்யூட்டருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அது இன்னும் பிரான்ஸ் கட்டையில் அடிப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தது.

"கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலஞ்சிருக்கீங்க மதாம்" என்றாள் பாரதி. பழைய பலகையைப் பார்த்துப் பார்த்து, புதியதில் அதே இடங்களை விரலால் தேடி ஆறு தடவை அழுத்தினாள். திரை ஒரு நொடி நின்றது. அப்புறம் வரவேற்கிற பாட்டு கேட்டது.

"அடக் கொடுமையே" என்றார் ரிப்பேர்காரர். சிடியை வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "இது எனக்குத் தோணாமப் போச்சேம்மா" என்று மனசாரச் சொன்னார்.

மதாம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அவரு மாத்தலியா?"

"மாத்தலீங்க. அம்மாளு அம்மாளாத்தான் இருக்கு. மாத்துனது நீங்கதான்."

மதாம் அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். "பாவி நான். செத்த மனுஷனப் போயி சந்தேகப்பட்டேனே" என்று பாரதியின் தலையில் கை வைத்தார். "ஒனக்கு எந்தக் கொறையும் வராதுடி கொழந்த. என் புருஷன எனக்குத் திருப்பிக் குடுத்துட்டே."

சந்திரா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பாரதி அவளைப் பார்த்துவிட்டுப் போட்டோ இருக்கிற இடத்தைத் தேடினாள். படகு என்று பிரெஞ்சில் எழுதியிருந்ததை மதாம் காட்டினார். பதினோரு படங்கள். முதல் படத்தில் மாலை போட்ட படகு. இரண்டாவதில் தேங்காய், சூடம். மூன்றாவதில் ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள், எல்லாம் முதுகு. எது அவன் முதுகு என்று அவளுக்கு உடனே தெரிந்தது, ஆனால் முதுகுதான். நாலு, ஐந்து, ஆறு. கை தெரிந்தது, பாதி காது தெரிந்தது. ஒன்பது, பத்து. சந்திரா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்து முகத்தைக் காட்டாமல் போய்விடுவானா இந்த மனுஷன்?

பதினோராவது படத்தில் காத்தமுத்து திரும்பியிருந்தான். தலையில் கட்டின துண்டு அவிழ்ந்து தொங்க, வாயை அகலத் திறந்து, நேராகக் கேமராவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். நெற்றியில் விபூதி வியர்வையில் வழிந்திருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்து தெரிந்தது. அந்தச் சந்தை அவள் சுத்தமாக மறந்துபோயிருந்தாள்.

"ஆமா, இதான். இதான் அவரு" என்றாள். ஒரு கையால் பாரதியின் கையையும் இன்னொரு கையால் மதாமின் கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் நல்லாருக்கணும். முசியே, நீங்க எங்க இருந்தாலும் நல்லாருக்கணும் சாமி. போட்டோவப் புடிச்சு எனக்குன்னு வெச்சுட்டுப் போனீங்களே!"

அல்லி மேசையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "யாரும்மா இது? ஏன் திட்டுறாங்க?"

"ஒங்கப்பாடி. திட்டலம்மா. படகு தள்ள ஆளு பத்தல, போட்டோ புடிச்சது போதும், வந்து கை குடுங்கன்னு முசியேவக் கூப்புடுறாரு."

அல்லி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இருங்கப்பா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றி, பலங்கொண்ட மட்டும் தள்ளத் தொடங்கினாள்.