115-இல் நின்ற சுவிட்ச்

ரியாத்திலிருந்து ஊர் திரும்பிய சிஹாபுதீன் மாமாவின் பழைய கம்ப்யூட்டரைச் சங்கரன்கோவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் மாலை வகுப்பில், அங்கே படிக்கும் ஷிபாதான் பிளக்கில் மாட்டினாள். பட்டென்று வெடித்துப் புகைந்தது. ரியாத்தில் அவர் இருந்த வீட்டில் மின்சாரம் குறைந்த வோல்ட்டில்தான் வந்தது. அதனால் பின்பக்கத்தில் வோல்ட்டை மாற்றும் சிவப்பு சுவிட்ச் 115-இல் இருந்தது. இங்கே 230. மாட்டும் முன் அந்தச் சுவிட்சைப் பார்க்க வேண்டும் என்று போன வாரம்தான் படித்திருந்தாள், ஆனாலும் பார்க்கவில்லை.

அதன் ஹார்டு டிஸ்கில் மாமா மகளின் நிக்காஹ் வீடியோ இருந்தது. லீவு கிடைக்காததால் அவர் அந்தக் கல்யாணத்தை அதில் மட்டுமே பார்த்தவர். வேறு பிரதி கிடையாது.

"ஏட்டி, கல்யாணத்தையே எரிச்சுப்புட்டியா?"

"கரண்ட் குடுக்குற பெட்டி, பவர் சப்ளை மட்டுந்தான் போயிருக்கும் மாமா. பாத்துச் சொல்லுதேன்."

சொன்னாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை. வகுப்பிலிருந்த வேறு பவர் சப்ளையை எடுத்து, எதிலும் இணைக்காமல் அதன் வோல்ட்டை மீட்டரில் அளந்தாள். சரியாக இருந்தது. மறுபடியும் அளந்தாள். மதர்போர்டையும் ஒரு ராம் மெமரி அட்டையையும் மட்டும் இணைத்ததும் திரையில் எழுத்து வந்தது; அவை தப்பித்திருந்தன. ஹார்டு டிஸ்க் வயரைக் கையில் எடுத்தவள், அதைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் மீட்டரை எடுத்தாள்.

"அதுக்கு என்ன காய்ச்சலா, அளந்துக்கிட்டே இருக்க?"

மாட்டினாள். டிஸ்க் சுழன்றது. கொஞ்ச நேரத்தில் திரையில் மணப்பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மாமா முழுதாகப் பார்க்கக்கூட நிற்கவில்லை. "மொதல்ல பென் டிரைவ்ல ஒண்ணு போடு மக்கா. ஒன்னை நம்ப முடியாது."

ஷிபாவும் அதையேதான் நினைத்தாள்.