ஒன்றரை டன் ஏசியும் ஆறு வாரப் பயிற்சியும்

முதாசிர் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்தது இரண்டே வார வேலைக்கு. இது ஆறாவது வாரம்.

கிண்டியில் உள்ள ஒரு மென்பொருள் கம்பெனி அவனை அனுப்பியிருந்தது. சுந்தரவல்லி வாட்டர் சப்ளை என்கிற தண்ணீர் கேன் கம்பெனியில் புது சாஃப்ட்வேர் போட்டாகிவிட்டது. ஊழியர்கள் அதைத் தாங்களாகவே ஓட்டப் பழகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பழகிவிட்டார்கள் என்று முதலாளி வைத்தீஸ்வரன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் மூட்டையைக் கட்டலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. மேப்பில் பார்த்தால் வேளச்சேரி ரோடு கூடத்தான் நன்றாக இருக்கிறது.

ஆர்டர் அறையில் மூன்று பேர். நாகலக்ஷ்மி பத்தொன்பது வருஷமாக அங்கே டெலிபோன் எடுப்பவர். பள்ளிக்கரணையிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை எந்த வீட்டில் எத்தனை கேன், எந்த வீட்டில் படி குறுகல், எந்த ஹாஸ்டலில் வாட்ச்மேன் முசுடு, எல்லாம் அவருக்கு மனப்பாடம். மெட்டில்டா அவருக்கு உதவி. கிருபா, வண்டிகளைப் பிரித்து அனுப்புகிறவன். மூவரும் தங்கமானவர்கள். காலையில் டீ, பதினோரு மணிக்கு மோர், மதியம் ஆளுக்கொரு டப்பாவிலிருந்து ஒரு கரண்டி என்று முதாசிரை மாப்பிள்ளை மாதிரி கவனித்தார்கள். சாஃப்ட்வேர் மட்டும் ஏறவில்லை.

"தம்பி, இந்த நாய் வீட்டை எங்க போடறது?" என்று நாகலக்ஷ்மி தினமும் கேட்பார். வாடிக்கையாளர்களை அவருக்கு நாய் வீடு, பச்சை கேட், ரெட்டைப் பிள்ளை வீடு என்றுதான் தெரியும். சாஃப்ட்வேரோ கதவு எண் கேட்டது.

"கீழ குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க அக்கா, அதுல."

"ஓ, இதுலயா." மறுநாள் காலை முதல் கேள்வி அதே நாய் வீடு.

மெட்டில்டா பாதி ஆர்டரில் திரையை மூடிவிட்டு, "அண்ணா, போயிடுச்சு" என்பாள். கிருபா பல்லாவரம் வண்டியை மாடம்பாக்கத்துக்கு ஏற்றிவிட்டு, "இன்னா சார் இது, ஒரே பேஜாரா கீது" என்று தலையைச் சொறிவான். முதாசிர் பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பிப்பான். வாராந்திர அறிக்கையில் 'ஊழியர்களின் கற்கும் வேகம் குறைவு' என்று எழுதுவான். ஐந்து வாரமும் அதே வரியைத்தான் எழுதினான்.

புதன்கிழமை கிண்டியிலிருந்து அவனுடைய மேலாளர் ஹர்ஷா பேசினார். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "முதாசிர், உங்க ப்ரொபேஷனை ஏற்கெனவே ரெண்டு தடவ நீட்டியாச்சு. சனிக்கிழமைக்குள்ள கையெழுத்து வரலேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. வேற வேலை பாத்துக்கறது நல்லது." வீட்டில் மனைவி இரமுக்கு ஏழாவது மாதம். அவன் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை ரயிலில் குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவன் யோசனையில் மீனம்பாக்கம் வரை போய்த் திரும்பி வந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பன்னிரண்டரைக்குக் கிளம்பினான். இரண்டு மணிக்குத் திரும்பியதும், தோல்விக்காவது ஒரு காரணம் எழுதிக் கொடுக்கலாமே என்று வாசலிலேயே உட்கார்ந்து மடிக்கணினியில் பதிவேட்டைத் திறந்தான். யார் எந்த நிமிஷத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினார்கள் என்று சாஃப்ட்வேர் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கும். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை பதினாறு ஆர்டர், இருபத்திரண்டு தப்பு. பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை ஐம்பத்தேழு ஆர்டர், தப்பு ஒன்று கூட இல்லை.

முதாசிர் கண்ணைக் கசக்கிக்கொண்டான். போன வெள்ளிக்கிழமையைத் திறந்து பார்த்தான். அதற்கு முந்தைய வெள்ளியையும் பார்த்தான். ஐந்து வாரமும் அதே கதை. அவன் பள்ளிவாசலில் இருக்கும் நேரத்தில் நாய் வீடு, பச்சை கேட், ரெட்டைப் பிள்ளை எல்லாம் குறிப்புக் கட்டத்தில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்திருந்தன. ஹோட்டல்களும் ஹாஸ்டல்களும் கூப்பிடும் உச்ச நேரம் அது. தண்ணீர் கேட்டு நிற்கிறவர்களிடம் நடிக்க முடியாதே. அவனிடம் மட்டும்தான் நடிப்பு.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வாரம் குடித்த மோரெல்லாம் தொண்டைக்கு வந்தது போல் இருந்தது. நேராக உள்ளே போனான்.

"தம்பி, நல்ல வேளை வந்தீங்க" என்றார் நாகலக்ஷ்மி. "இந்த நாய் வீட்டை..."

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். நான் தொழப் போனா மட்டும் நாய் வீடு எங்க போகணும்னு எப்படித் தெரியுது?"

அறையில் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கிருபா கூரையைப் பார்த்தான். மெட்டில்டா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"சொல்லிடு அக்கா" என்றாள் அவள். "பாவம் அண்ணா."

நாகலக்ஷ்மி சுவரில் இருந்த ஏசியை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்காகப் போட்டது தம்பி. பயிற்சி குடுக்க வர்றவர் ஏசி ரூம்ல உக்காரணும்னு உங்க கம்பெனி எழுதிக் கேட்டிச்சாம். மாட்டின அன்னிக்கே முதலாளி சொல்லிட்டாரு, சாஃப்ட்வேர் தம்பி போனதும் கழட்டி தன் ரூமுக்குப் போகுதுன்னு."

"மேல பாருங்க சார், ஆஸ்பெஸ்டாஸ்" என்றான் கிருபா. "மே மாசத்துல இதுக்குக் கீழ உக்காந்து பாத்துகீறியா? ஃபேன் போட்டா ஆர்டர் சீட்டு பறக்கும், ஆஃப் பண்ணா நாம பறப்போம்."

"முதல் வாரமே கத்துக்கிட்டோம் அண்ணா" என்றாள் மெட்டில்டா. "நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்க."

கோபம் எங்கே போனதென்று முதாசிருக்குத் தெரியவில்லை. பெருமைப்படுவதா அழுவதா என்றும் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நாளைக் காலை பதினோரு மணிக்கு முதலாளி வந்து பார்ப்பார், அவர் எதிரில் இவர்கள் தடுமாறினால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லையென்றால் வேலை இல்லை. இரமைப் பற்றியும் சொன்னான். சொல்லக் கூடாதென்றுதான் நினைத்திருந்தான்.

நாகலக்ஷ்மி ஏசியை இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "சாஃப்ட்வேர் ஓடணும்னா ஏசி வேணும்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டா?"

"பொய்யில்ல அக்கா அது? சாஃப்ட்வேர் இங்க இல்ல. மும்பைல ஒரு பெரிய மெஷின்ல இருக்கு."

"அந்த மெஷின் இருக்கற ரூம்ல ஏசி இருக்கா?"

"ராத்திரி பகலா ஓடும்."

"மெஷினுக்கு மட்டும் குடுப்பாங்க" என்றார் நாகலக்ஷ்மி. நாளைக்கு என்ன செய்யப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. முதாசிரும் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு என்ன உரிமை? ஒரு பக்கம் அவன் வேலை, இன்னொரு பக்கம் மூன்று பேருடைய கோடைக்காலம். சாயங்காலம் வரை மூவரும் ஒரு தப்புமில்லாமல் ஆர்டர் போட்டார்கள். அவன் பார்க்காதது போல் உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வைத்தீஸ்வரன் வந்தார். பத்தே முக்காலுக்கே எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து வாசலில் நின்றுவிட்டான். முதலாளிக்கு நல்லெண்ணம் இல்லாமல் இல்லை. ஒரு தடவை வரச் சொன்ன ஆளை இன்னொரு தடவை வரச் சொல்லப் பிடிக்காது, அவ்வளவுதான்.

"எங்க, போடுங்க பாப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதாசிருடைய சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. உள்ளங்கை வேர்த்தது, அந்தக் குளிரிலும்.

டெலிபோன் அடித்தது. நாகலக்ஷ்மி எடுத்தார். "சொல்லுங்கம்மா. அஞ்சு கேனா? சரி." பேசிக்கொண்டே விரல்களை விசைப்பலகைமேல் வைத்தார். அங்கேயே நிறுத்தினார்.

முதாசிர் தரையைப் பார்த்தான். வாயைத் திறந்து சொல்லிக்கொடுக்கத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

விரல்கள் நகர்ந்தன. பெயர், தெரு, கேன், கீழே குறிப்பில் 'நாய் இருக்கிறது, பெல் அடிக்க வேண்டாம்', சேமி. அடுத்த அழைப்பு, அதற்கடுத்தது. மெட்டில்டா இரண்டாவது லைனை எடுத்தாள். கிருபா வண்டிகளைப் பிரித்தான், மாடம்பாக்கம் மாடம்பாக்கத்துக்கே போனது. ஒன்பது நிமிஷத்தில் பதினான்கு ஆர்டர். வைத்தீஸ்வரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எப்பலேர்ந்து தெரியும் இதெல்லாம்?"

"முதல் வாரத்துலேர்ந்து சார்" என்றார் நாகலக்ஷ்மி.

"அப்புறம் எதுக்கு இந்தப் பையன் ஆறு வாரமா இங்க உக்காந்திருக்கான்?"

"ஏசிக்காக சார்." குரல் உயரவில்லை. ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுத்து அவரை நேராகப் பார்த்தார். "பத்தொன்பது வருஷமா இந்த ரூம்ல இருக்கேன். எங்களுக்குச் சூடா இருக்கும்னு ஒருத்தருக்கும் தோணல. ரெண்டு வாரத்துக்கு ஒருத்தர் வர்றாருன்னதும் தோணிச்சு. அவர் போயிட்டா இதுவும் போயிடும்னு சொன்னீங்க. அதான் அவரப் போக விடல. தப்பு எங்களோடது, அவருதில்ல. அவருக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

வாசலில் ஏணி ஒரு பக்கம் சாய்ந்து கதவில் இடித்தது. வைத்தீஸ்வரன் கூரையைப் பார்த்தார். அந்த அறையில் அவர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறையாக இருக்க வேண்டும். தாளை வாங்கினார், படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எலக்ட்ரீஷியன் ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"இன்னா சார், கழட்டிரலாமா?"

"எதுக்கு?" என்றார் வைத்தீஸ்வரன் சிடுசிடுப்பாக. "குளிரவே காணோம். கேஸ் கம்மியா இருக்கும், பாத்து ரொப்பிட்டுப் போ." யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

முதாசிர் பையை எடுத்துக்கொண்டான். கதவைத் திறந்து, ஒரு கால் வெளியே ஒரு கால் உள்ளே நின்றான். வாரா வாரம் மந்தம், மந்தம் என்று இவர்களைப் பற்றி எழுதி அனுப்பியதை நினைக்க வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், குழந்தை பிறந்தால் அழைத்து வருகிறேன் என்று சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை. மூன்று டெலிபோனும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன.

"அக்கா..." என்றான்.

நாகலக்ஷ்மி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தட்டச்சு செய்வதை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தார்.

"போறதுன்னா போயிட்டு வாங்க தம்பி. கதவைச் சாத்துங்க, குளிரெல்லாம் வெளிய போகுது."