முப்பது வயசு துஷாந்தினி

எந்தக் கை அந்த மாலைய போட்டுச்சுன்னு தெரிஞ்சா, அந்தக் கைய முறிச்சு அடுப்புல வச்சிருவேன்னு ஸ்கூல் வாசல்ல நின்னு கத்துனேன். வாட்ச்சருக்குக் கேட்டுச்சு, கேன்டீன்காரம்மாவுக்குக் கேட்டுச்சு, பிரின்சிபல் ஜெயக்காந்தன் சேருக்கும் கேட்டுச்சு. கேக்கட்டும். என் வாயி உக்குவளையில இருந்து பலாபத்வல வரைக்கும் பேர் போன வாயி.

நான் விஜிதா. செவுத்துல படம் வரையிறது என் தொழிலு. கடை போர்டெல்லாம் இப்ப பிரிண்ட் அடிச்சு மாட்டிர்றாங்க. செவுத்துக்கு மட்டும் இன்னும் ஆள் வேணும். மாத்தளைய சுத்தி இருக்கிற பாதி நர்சரிகள்ல சிரிச்சிக்கிட்டு நிக்கிற யானையும் முயலும் நான் போட்டதுதான்.

உக்குவளை ஸ்கூல்ல சயன்ஸ் ரூம் வெளிச்செவுத்துக்கு என்னைய கூப்பிட்டது ஜுனைதா மிஸ். சின்ன வகுப்புக்குப் படிச்சிக் குடுக்கிறவங்க, நல்ல மனுசி. விண்வெளிக்குப் போனவங்க ஆறு பேர செவுத்துல பெருசா வரையணும்னாங்க. அஞ்சு பேரு படத்த இன்டர்நெட்டுல இருந்து எடுத்துக் குடுத்தாங்க. எல்லாம் வெளிநாட்டு முகம். ஹெல்மெட்டு கண்ணாடிய மேல தூக்கிவிட்டு, மூஞ்சி தெரியிற மாதிரி நிக்கிறாங்க. எனக்கு மூஞ்சியில கஷ்டம் வரல. அந்த உடுப்புதான் உசுர எடுத்திருச்சு. வெள்ள உடுப்புன்னு பேருதானே ஒழிய, அதுக்கு வெள்ள பெயின்ட் கொஞ்சந்தான் போகும். மடிப்புக்கெல்லாம் சாம்பலும் நீலமும் கலந்து கலந்து என் கையே வீங்கிருச்சு.

ஆறாவது எடத்துக்கு மட்டும் படம் இல்ல. ஜெயக்காந்தன் சேர் வந்து நின்னு பாத்துட்டு, "இது நம்ம ஊர் முகமா இருக்கட்டும் விஜிதா. நாளைக்கு இங்க இருந்து ஒரு புள்ள போற மாதிரி. சும்மா கற்பனையா ஒரு பொம்பளப் புள்ளைய போடுங்க"ன்னாரு.

கற்பனைக்கு நான் எங்க போறது? என்கிட்ட இருந்தது ஒரே ஒரு முகம்.

என் மக துஷாந்தினி அதே ஸ்கூல்லதான் ஆறாம் வகுப்பு படிச்சா. போன வருசம் மழைக்கு டெங்கு வந்துச்சு. திங்கக்கிழம காய்ச்சல்னு படுத்தவ, அந்த வாரம் முடிய முன்ன போயிட்டா. பதினோரு வயசு. ராக்கெட்டு பைத்தியம் அவளுக்கு. ஒருக்கா பல்லேபொல நர்சரி செவுத்துல நான் ஒரு விண்வெளி வீரர வரைஞ்சு, அவரு தலைக்கு மேல ரெண்டு மேகத்தையும் போட்டுட்டேன். அதப் பாத்து, வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சா. "ஐயோ அம்மா, அங்க ஏது மேகம்?" எனக்கு என்னடி தெரியும், நான் என்ன போயிட்டா வந்தேன்னு அவள வெரட்டுனேன்.

அவளத்தான் ஆறாவதா வரைஞ்சேன். ஆனா பதினோரு வயசுல இல்ல, முப்பது வயசுல. கன்னத்துச் சதைய எறக்குனேன். தாடை அவங்க அப்பாவுது மாதிரி கொஞ்சம் அகலமாகியிருக்கும், மூக்கு என்னுது மாதிரி நீண்டிருக்கும். தெத்துப்பல்ல மட்டும் அப்படியே விட்டேன். கண்ணுக்குக் கீழ லேசா ஒரு கோடு போட்டேன், ராத்திரி பகலா படிச்சவளுக்கு அது இருக்குந்தானே? ஏணியில நின்னு அந்த முகத்துக்கு நேரா பிரஷ்ஷ புடிச்சிருக்கிறப்ப எனக்கு சிரிப்பு வந்திருச்சு. கருமாதிக்கு அப்புறம் நான் சிரிச்சது அப்பத்தான். அடியேய், எவ்வளவு அழகா வளந்துட்டேன்னு வாய்விட்டே சொல்லிட்டேன்.

ஜுனைதா மிஸ் பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டாங்க. முக்காட்டு நுனியால கண்ணத் தொடைச்சிக்கிட்டு கிளாசுக்குப் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு சசிக்குமார்கிட்ட, வந்து ஒருக்கா பாருங்களேன்னு கெஞ்சுனேன். த்ரீவீலர் ஓட்டுறவரு, தெனம் அந்த ஸ்கூலுக்குத்தான் புள்ளைகள ஏத்திக்கிட்டு வர்றாரு. "நான் வரல"ன்னு ஒரே வார்த்த. கல்லு மனசுன்னு ஏசிட்டு விட்டுட்டேன்.

அதுக்கப்புறந்தான் அந்த மாலை வந்துச்சு.

மத்த அஞ்சு பேருக்கும் இல்ல, என் மகளுக்கு மட்டும். ஹெல்மெட்டுக்கு மேல ஆணி அடிச்சு, செவ்வந்தி மாலை. நெத்தியில சந்தனப் பொட்டு வேற. பாத்த ஒடனே பிச்சு எறிஞ்சேன். மறுநாளு புது மாலை. அதையும் பிச்சேன். திரும்பவும் வந்துச்சு. அப்பத்தான் வாசல்ல நின்னு அந்தக் கத்து கத்துனேன். பதினோரு வயசுல ஒருக்கா செத்தது போதாதா என் புள்ள? முப்பது வயசுலயும் சாகணுமா?

நான் கத்தி என்ன பிரயோசனம், அதுக்குள்ள விசயம் வேற பக்கம் போயிருச்சு. ஜுனைதா மிஸ் என்னைய ஓரமா கூட்டிக்கிட்டு போனாங்க.

"விஜிதா, கோவிச்சிக்காதீங்க. எந்த வீட்டுப் புள்ளைக்கும் தெரியும், மாலை போட்ட படம்னா மவுத்தானவங்க படம்னு. இப்ப என் கிளாஸ் புள்ளைக, அந்த ஆறு பேருமே மவுத்துன்னு முடிவு கட்டிருச்சுக. மேல போனா யாரும் திரும்பி வரமாட்டாங்களாம். அந்தப் பக்கம் தண்ணி குடிக்கக்கூட போக மாட்டேங்குதுக."

"சின்னப் புள்ளைக தானே மிஸ், சொன்னா விளங்காதா?"

"சொல்லிப் பாத்துட்டேன். நிப்லான்னு ஒரு புள்ள, அதோட வாப்பா கத்தாருக்குப் போனாரு. ஏர்போட்டுல அவரு கால கட்டிப்புடிச்சிக்கிட்டு, மேல போகாதீங்க வாப்பா, மேல போகாதீங்கன்னு ஒரே கதறலாம். அந்த மனுசன் அழுதுக்கிட்டே பிளேன் ஏறியிருக்காரு. நேத்து உம்மா வந்து பிரின்சிபல்கிட்ட சண்ட."

எம்புட்டு நேரம்னாலும் சண்ட போடுவேன், அந்தப் புள்ளகிட்ட என்னத்த போடுறது?

ஜெயக்காந்தன் சேர் நல்லபடியாத்தான் பேசுனாரு. "அது யாரு முகம்னு எனக்கும் தெரியும் விஜிதா. அழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. மாலை போடுறது மட்டும் நிக்கணும். இன்னும் ஒருக்கா விழுந்துச்சுன்னா, அந்த ஒரு படத்துக்கு வெள்ள அடிக்கிறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல." சரி சேர்னேன். என் புள்ளைக்கு வெள்ள அடிக்கிறதா! எவன்னு புடிக்காம விடுறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

மறுநாளு விடிஞ்சும் விடியாம, தலை வலிக்குதுன்னு படுத்திருந்த மாதிரி நடிச்சு, எங்க வீட்டுக்காரரு த்ரீவீலர எடுத்துக்கிட்டு போன பிறகு மொத பஸ்ஸ புடிச்சு ஸ்கூலுக்குப் போனேன். வாட்ச்சர் கேட்ட தொறந்துவிட்டாரு. என் மூஞ்சிய பாக்காம தலைய குனிஞ்சிக்கிட்டாரு. ஏன்னு அப்ப எனக்கு விளங்கல.

சயன்ஸ் ரூமுக்கு முன்னால எங்க த்ரீவீலர் நின்னுச்சு.

என் புருசன் செவுத்துக்குக் கிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு. த்ரீவீலர் கண்ணாடி தொடைக்கிற துணியால துஷாவோட ஹெல்மெட்ட தொடைச்சிக்கிட்டிருந்தாரு, தூசு ஒண்ணும் இல்ல, சும்மா தொடைச்சிக்கிட்டே இருந்தாரு. மாலை அவரு தோள்ல கெடந்துச்சு.

"நீங்களா?"ன்னேன்.

அவரு திரும்பல. "வேற எவன் வருவான்?"

"பாக்க வரமாட்டேன்னீங்களே!"

"உன்கூட வரமாட்டேன்னேன்."

"அவ உசுரோட இருக்கிற மாதிரி எவ்வளவு பாடுபட்டு வரைஞ்சேன் தெரியுமா? ஏங்க இப்படி பண்ணுனீங்க?"

அப்பத்தான் திரும்புனாரு. அந்த மனுசன் கண்ண அப்படி நான் பாத்ததே இல்ல. "கருமாதிக்கு பிரேம் போட்டு படம் கொண்டாந்தேன். மாட்ட விட்டியா நீ? படத்த மாட்டுனா புள்ள செத்ததா ஆகிரும்னு பறிச்சு அலுமாரியில ஒளிச்சு வச்ச. ஒரு விளக்கு வைக்க விடல. அவ பேர சொல்லி அழ விடல. அழுதா, வாய மூடுங்கன்னு சாடுற. நான் எங்கடி போயி அழுறது? எனக்கு அவ செத்துட்டாடி. எனக்கு ஒரு செவுரு வேணும்."

வாட்ச்சர் தெரிஞ்சும் தெரியாத மாதிரி அந்தப் பக்கமா போனாரு. அடுத்தவன் கைய முறிப்பேன்னு கத்துனேனே, அந்தக் கை எனக்கு முன்னால அந்தத் துணிய புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. தோள்ல கெடந்த மாலைய நான்தான் எடுத்தேன். அத செவுத்துல போடவும் முடியல, தூக்கி எறியவும் முடியல. த்ரீவீலர் பின் சீட்டுல வச்சேன். அவரு ஆணிய புடுங்குனாரு.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்"னேன். "இன்னைக்கு ஸ்கூல் ட்ரிப்புக்கு உங்க கூட்டாளி யாரையாவது போகச் சொல்லுங்க."

பலாபத்வல வீட்டுக்கு வந்த ஒடனே அலுமாரிய தொறந்தேன்.

என் சாரிகளுக்கு அடியில கவுத்து வச்சிருந்த படத்த எடுத்தேன். ஸ்கூல்ல மாணவத் தலைவியாக்கி பிரிஃபெக்ட் பேட்ஜ் குத்துன அன்னைக்கு எடுத்தது. ரெட்டப் பின்னல், தெத்துப்பல்லு. பதினோரு வயசு, அதுக்கு மேல ஒரு நாள் கூட ஏறல. முன் ரூம் செவுத்துல ஆணிய நானே அடிச்சேன். மாலைய அவரு போட்டாரு. விளக்க ஏத்துனாரு. ஒரு கிண்ணத்துல சந்தனத்த கொழச்சு என்கிட்ட நீட்டுனாரு.

"நீ வையி."

எத்தன நெத்தி வரைஞ்ச கையி. படத்துக் கண்ணாடிகிட்ட போயி அப்படியே நின்னுருச்சு. ஆஸ்பத்திரியில டொக்டர் வந்து சொன்னப்ப நான் அழல. குழியில மண்ணத் தள்ளுனப்ப அழல. இவளுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையான்னு சனம் பேசுச்சு, அப்பவும் அழல. அவரு என் முழங்கைய லேசா தாங்கிப் புடிச்சாரு. பொட்ட வச்சேன்.

வச்ச ஒடனே எனக்குள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. நான் தரையில விழுந்தது எனக்குத் தெரியாது. அக்கம் பக்கத்துல இருந்தெல்லாம் ஓடி வந்துட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல நின்னு, "என்ன விஜிதா, என்ன ஆச்சு, யாருக்கு என்ன?"ன்னு பதறிப் பதறிக் கேட்டாங்க.

"துஷா"ன்னேன். "எங்க துஷா செத்துப் போச்சுக்கா."