பி செக்சன்

உத்தமபாளையம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயப்போவதாக 2006இல் சொன்னேன். "பாடம் நடத்துறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா ரெஹானா?" என்று துறைத் தலைவர் ஞானசிகாமணி எல்லார் முன்னாலும் சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது.

முதலாமாண்டில் இரண்டு பிரிவு. ஏ செக்சனில் பிள்ளைகளே கூடிப் பேசித் தப்பைக் கண்டுபிடிப்பார்கள். பி செக்சனுக்குப் பழையபடி போர்டில் எழுதிப் போடுவேன், பார்த்து எழுதிக்கொள்வார்கள். கடைசித் தேர்வில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். அதுவரை பி செக்சனுக்குத் தனியாக எந்த உதவியும் செய்யக் கூடாது. ஜனவரியிலேயே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

பிப்ரவரியில் பி செக்சன் முத்துப்பேச்சி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். சுருளிப்பட்டிப் பிள்ளை.

"மிஸ், ஒரு பேப்பர் போனாலும் படிப்ப நிறுத்திப்புடுவேன்னு எங்கப்பா சொல்லிட்டாக. கணக்கு ஒண்ணுதான் மிஸ் புரியல. ஏ செக்சன்ல ஒரு ஓரமா ஒக்காந்துக்கிறேன்."

"நீ அங்கன வந்தா என் ஆராய்ச்சி கெட்டுப்போகும். ஒழுங்கா ஒன் செக்சன்லயே இரு," என்று எரிந்து விழுந்தேன்.

முடிவு வந்தது. ஏ செக்சனில் மூன்று பேர் ஃபெயில். பி செக்சனில் இருபத்தொரு பேர். அட, எனக்குத் தலைகால் புரியவில்லை! ஸ்டாஃப் ரூமுக்கே லட்டு கொடுத்தேன். முத்துப்பேச்சி முப்பத்தேழு என்பதை அப்புறம்தான் பார்த்தேன். மூன்று மார்க்கில் போயிருந்தது. அரியர் எழுதலாம் என்று நான் அவள் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் மதுரைக் கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது.

கட்டுரை வெளிவந்தது, பதவி உயர்வும் கிடைத்தது.

2010இல் மாணவிகளோடு சுருளி அருவிக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தினோம். ரோட்டோரத் தோட்டத்தில் திராட்சை வெட்டிக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள். முத்துப்பேச்சி. கையெல்லாம் பூச்சிமருந்து வெளுப்பு.

"மிஸ், அன்னைக்கு நான் வந்து கேட்டதால ஒங்க ஆராய்ச்சி ஒண்ணும் கெட்டுப்போகலையே?"

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவி மகள், நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள்.

"இல்லடா, நல்லா வந்துச்சு," என்றேன். தோற்ற இருபத்தொரு பேரில் அவளும் ஒருத்தியாக இருந்ததால்தான் நன்றாக வந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.